வெள்ளிக்கிழமை விளக்கு: புறக்கோட்டைக் கடையொன்றில் ஒரு விசுவாசியின் பத்து மாதங்கள்

எழுதுவதற்கு முன்

கொழும்பில் தமிழ் வழிபாடு நடத்தும் ஒரு சிறிய சபையில் நான் மூப்பராக இருக்கிறேன். வேலை, குடும்பம் என்று யாருக்காவது சிக்கல் வந்தால் உட்கார்ந்து கதைக்க எங்களில் மூன்று பேர் உண்டு: போதகர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நான். 2023 ஏப்ரல் தொடங்கி 2024 ஜனவரி வரை ஒரு சகோதரி எங்களிடம் கொண்டுவந்த விஷயம் இது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதை அவர் வாசித்து இரண்டு இடங்களில் திருத்தியும் தந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன்.

எழுதக் காரணம், நாங்கள் முதலில் சொன்ன ஆலோசனை பிழையாகிப் போனது. அவருக்கு வந்த பகிடி, ஏச்சு, கோபம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "உபத்திரவம்" என்று பெயர் போட்டுவிட்டோம். மூட்டையை அவிழ்த்துப் பார்க்க எங்களுக்கு ஆறு வாரம் எடுத்தது. அந்த ஆறு வாரமும் கஷ்டப்பட்டது அவர்.

பின்னணி

அவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். வீட்டில் எல்லோரும் இந்துக்கள். அப்பா இறந்த பிறகு, பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வேலைக்கு வந்தார். புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் முதலில் பில் எழுதினார், பிறகு கணக்கும் தொலைபேசியும் அவர் பொறுப்பில் வந்தன. 2023இல் அவருக்கு 27 வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு போர்டிங்கில் தங்கியிருந்தார். சம்பளத்தில் பாதி வீட்டுக்குப் போகும்.

2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்ற மாதங்களில், போர்டிங்கில் கூட இருந்த பெண்ணோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வந்தார். அப்போது பல சபைகளைப் போல நாங்களும் அரிசி, பருப்பு, சீனி வைத்து உலர் உணவுப் பொதி கொடுத்துக்கொண்டிருந்தோம். அவரும் ஒரு தடவை வாங்கினார். பொதி கொடுப்பது நின்று பல மாதங்கள் ஆன பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. எட்டு வாரம் ஞானஸ்நானத்துக்கான வகுப்பில் இருந்தார். 2023 ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு அன்று ஞானஸ்நானம் பெற்றார்.

புத்தாண்டும் அதற்கடுத்த வெள்ளியும்

ஐந்தே நாளில் சித்திரைப் புத்தாண்டு. வழமைபோல ஊருக்குப் போனார். காலையில் அம்மா குளிப்பதற்கு முன் தலையில் வைக்கும் மருத்துநீரைக் கொண்டுவந்தபோது சாமி அறைக்குள் வரமாட்டேன் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னார். அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "அரிசி மூட்டைக்கா மாறுன?" வாங்கினது உண்மை என்பதால் அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வாங்கியதும் விசுவாசித்ததும் வேறு வேறு என்று விளங்கப்படுத்த அந்த வீட்டில் அன்று இடமிருக்கவில்லை. அம்மா அழுதார். தங்கை நீட்டிய கை விசேஷக் காசை, புத்தாண்டுக்குக் கொடுக்கும் அந்தக் காசை, அண்ணன் வாங்கவில்லை.

கடை திறந்த முதல் வெள்ளி ஏப்ரல் 21. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் மற்ற இடங்களிலும் குண்டு வெடித்து அன்றோடு நான்கு வருடம். காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து வரும்போதே அவருடைய மனம் பாரமாக இருந்ததாம். அந்தக் கடையில் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பூசை. பிள்ளையார், லட்சுமி படங்களுக்குப் பூ வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, கற்பூரத் தட்டை எல்லோருக்கும் காட்டுவார்கள். பூ கட்டுவது, விளக்கைத் துடைத்துத் திரி போடுவது, தட்டை எடுத்து வைப்பது எல்லாம் பல வருடமாக அவருடைய வேலை. அன்று எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போது, "இனிமே இதெல்லாம் நான் தொட மாட்டேன். நான் ஞானஸ்நானம் எடுத்துட்டேன்" என்றார்.

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. கடையில் தேநீர் போட்டுக் கூட்டித் துடைக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்து, "நீங்க செய்யுங்க" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த கிழமையிலிருந்து பகிடி தொடங்கியது. துணி கட்டும் பையன்கள் "அல்லேலூயா அக்கா" என்று பெயர் வைத்தார்கள். அவர் சாப்பாட்டுக்கு முன் கண்மூடி ஜெபித்தால் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். தேநீர் போடும் அம்மா அவருக்கு மட்டும் தேநீர் கொண்டுவருவதை நிறுத்தினார்.

எங்கள் முதல் ஆலோசனை

அவர் வந்து சொன்னபோது நாங்கள் மூவரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னோம். கிறிஸ்துவை அறிக்கை செய்தால் இப்படி வரும், உறுதியாக நில்லுங்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம். ஜெபித்து அனுப்பிவைத்தோம். நல்லது செய்ததாகத்தான் நினைத்தோம்.

அவர் எங்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். மே மாதம் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, 115ஆம் சங்கீதத்தில் விக்கிரகங்களுக்கு வாய் உண்டு, பேசாது என்று வரும் வசனத்தைக் கடையிலுள்ள பிள்ளையார் படத்தோடு சேர்த்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். முதலாளியின் மனைவி அதைப் பார்த்தார். இரண்டாவது, ஒரு வியாபாரி செக் விஷயமாகத் தொலைபேசியில் கூப்பிட்டபோது முதலாளி வழமைபோல "நான் இல்லன்னு சொல்லு" என்று கை காட்டினார். இவர் வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே சத்தமாக, "நான் பொய் சொல்ல மாட்டேன் முதலாளி, நான் கிறிஸ்தவள்" என்றார்.

புறக்கோட்டை வியாபாரம் பெரும்பாலும் பின்திகதியிட்ட செக்கிலும் வாய்ச்சொல்லிலும் ஓடுகிறது. ஒரு முதலாளிக்கு இன்று காசு இல்லை என்று நாலு பேருக்கு முன்னால் தெரியவருவது சின்ன விஷயம் இல்லை. அன்று மாலை அவர் இவரைக் கூப்பிட்டு, தொலைபேசியை வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னார். இவரை மேல்மாடி ஸ்டோருக்குச் சரக்கு எண்ண அனுப்பினார். சம்பளம் குறையவில்லை.

அப்போதுதான் முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார்: "நான் செவ்வாய்க்கிழமை தவறாம அந்தோனியார் கோயிலுக்குப் போறேன். மெழுகுதிரி கொளுத்துறேன். என் சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல. உனக்கு மட்டும் ஏன்மா பிள்ளையாருக்கு ஒரு விளக்கு ஏத்த முடியல?"

அவருக்குப் பதில் தெரியவில்லை. எங்களிடம் வந்து அதைச் சொன்னபோது எனக்கும் உடனே தெரியவில்லை. கொழும்பை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் திருவிழாத் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும்போது பார்க்க நிற்பவர்களில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். இப்படி ஒருவர் வாசலில் ஒருவர் நின்று பழகிய ஊரில், "நான் தொட மாட்டேன்" என்ற ஒரு சொல் அவமதிப்பாகத்தான் காதில் விழும். அந்த மனிதர் பகிடி பண்ணவில்லை. அவர் புண்பட்டிருந்தார்.

ஆற அமரக் கேட்டபோது தெரிந்தது

ஜூன் முதல் வாரம் ஆசிரியை ஒரு காரியம் செய்தார். ஏப்ரல் 21 முதல் நடந்த ஒவ்வொன்றையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். யார் என்ன சொன்னார்கள், அதற்கு முன்னால் தான் என்ன சொன்னேன் என்று இரண்டு பக்கமும் எழுத வேண்டும். மூன்று பக்கம் வந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான்கு பேரும் இருந்து வாசித்தோம்.

தேநீர் போடும் அம்மாவின் கோபத்துக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. அந்த அம்மா மட்டக்குளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பூசை வேலை தலையில் விழுந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அரை மணித்தியாலம் முன்னதாக வர வேண்டியிருந்தது. கூடுதல் காசும் இல்லை. நம்முடைய சகோதரி மனச்சாட்சிக்காக இறக்கி வைத்த சுமையை அறுபதை நெருங்கிய ஒரு பெண் தூக்கிக்கொண்டிருந்தார். இதை எங்களில் ஒருவரும் முதல் நாள் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு வெட்கமான இடம் இதுதான்.

முதலாளி மனைவியின் கோபத்துக்குக் காரணம் ஸ்டேட்டஸ். அது விசுவாசத்துக்காக வந்த பாடு இல்லை. அவர்கள் வீட்டுச் சாமிப் படத்தை அவர்கள் அனுமதியில்லாமல் எடுத்துக் குத்திக் காட்டியதால் வந்தது. முதலாளியின் கோபத்தில் பாதி, பலர் முன்னால் மானம் போனதால் வந்தது. பொய் சொல்ல மறுத்தது சரி, மறுத்த விதம் சரியில்லை.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிச்சம் இருந்தது. "அல்லேலூயா அக்கா", சாப்பாட்டு மேசைத் தாளம், அண்ணன் காசை வாங்க மறுத்தது. இவை அவர் இயேசுவைச் சேர்ந்தவர் என்பதற்காகவே வந்தவை. இவற்றைத் தாங்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. பேதுருவின் முதல் நிருபம் நாலாம் அதிகாரத்தில் இந்தப் பிரிப்பு தெளிவாகவே இருக்கிறது. தீமை செய்தவனாகவோ பிறர் காரியத்தில் தலையிட்டவனாகவோ பாடுபடக் கூடாது, கிறிஸ்தவனாகப் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டாம். பல தடவை பிரசங்கத்தில் கேட்ட பகுதி. ஒரு கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டு வாசித்தது அதுதான் முதல் தடவை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பூசை பற்றி எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அந்த நேரத்தில் அங்கே நிற்பதும் கூடாது என்றார் ஆசிரியை. நிற்கலாம், பங்கெடுக்க வேண்டாம் என்றேன் நான். வேதாகமத்தில் சீரியப் படைத்தலைவன் நாகமான், எஜமான் தன் கையில் சாய்ந்து ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் குனிய நேரிடுமே என்று எலிசாவிடம் கேட்கிறான். தீர்க்கதரிசி அவனைச் சமாதானத்தோடு போகச் சொல்கிறார். போதகர் தானியேலின் முதலாம் அதிகாரத்தைக் காட்டினார். ராஜாவின் சாப்பாட்டை மறுத்தவன் தட்டைத் தள்ளிவிடவில்லை. பொறுப்பாளனிடம் போய்ப் பணிவாகக் கேட்டான், பத்து நாள் தவணை கேட்டான், அந்த மனிதன் ராஜாவிடம் மாட்டிக்கொள்ளாதபடி வழியும் தந்தான். இந்தக் கடைசி விஷயம்தான் எங்கள் நால்வருக்கும் பட்டது. மறுப்பதென்றால் அதன் செலவை நாம்தான் கட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் தலையில் போடக் கூடாது.

ஆகவே அவர் எடுத்த முடிவு இது. பூ, விளக்கு, தட்டு எதையும் தொட மாட்டார். பூசை நேரத்தில் பின்னால் மரியாதையாக நிற்பார், கும்பிட மாட்டார், திருநீறு வாங்க மாட்டார். அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை காலையில் அந்த அம்மாவின் வேலையை, வாசல் கழுவுவதையும் கூட்டித் துடைப்பதையும் காலைத் தேநீரையும், தானே செய்வார். பிரசாதம் சாப்பிடமாட்டார், ஆனால் பண்டிகைக்கு யாராவது வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்து கொடுத்தால் சந்தோஷமாக வாங்குவார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பத்தாம் அதிகாரத்தை அவரே வாசித்து இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டார். வேறொரு விசுவாசி கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஸ்டேட்டஸுக்கு முதலாளியின் மனைவியிடம் நேரில் மன்னிப்புக் கேட்பது. இதற்குத்தான் அவர் அதிகம் தயங்கினார். மன்னிப்புக் கேட்டால் விசுவாசத்தை மறுதலித்தது போல ஆகிவிடுமோ என்று பயந்தார். "நம்பினதுக்கு மன்னிப்புக் கேக்க வேணாம் மகள். அவங்க வீட்டுப் படத்தை எடுத்ததுக்குக் கேளுங்க" என்றார் போதகர்.

தொலைபேசி மறுபடி கைக்கு வந்தால் சொல்வதற்கு ஒரு வசனத்தை முன்கூட்டியே அமைத்துக்கொண்டார்: "முதலாளிக்கு இப்ப கதைக்க வசதியில்ல. உங்க நம்பரை எழுதிக்கிறேன், கட்டாயம் சொல்றேன்." அதில் பொய்யும் இல்லை, யாருடைய மானமும் போகாது.

சட்டத்தைப் பற்றியும் கதைத்தோம். சபையில் ஒரு தம்பி முறைப்பாடு செய்யவேண்டும் என்று நின்றார். 1978 அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை விரும்பிய மதத்தை மேற்கொள்ளும் சுதந்திரத்தைத் தருகிறது. 14ஆவது உறுப்புரை அதைப் பகிரங்கமாகக் கைக்கொள்ளும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. ஆனால் 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிரானது, ஒரு மாதத்துக்குள் போடவேண்டியது. தனியார் கடை முதலாளி அதற்குள் வரமாட்டார். அதைவிட, இவரை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, சம்பளத்தில் கை வைக்கவில்லை. நிறுத்தியிருந்தால் தொழில் திணைக்களத்துக்கு நானே கூட்டிப் போயிருப்பேன்.

வீட்டைப் பொறுத்தவரை முடிவு எளிமையானது, செய்வதுதான் கஷ்டம். காசை அம்மாவின் கணக்குக்கு அனுப்புவது, ஒவ்வொரு லீவுக்கும் தவறாமல் போவது, கேட்டாலொழிய பிரசங்கம் பண்ணாமல் வீட்டு வேலையைச் செய்வது.

நடந்தது

ஜூன் நடுப்பகுதியில் ஒரு மாலை முதலாளியின் மனைவி கடைக்கு வந்திருந்தபோது சகோதரி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். முதலாளியின் மனைவி "சரி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பல மாதம் இவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அதே நாள் முதலாளியின் கேள்விக்கும் பதில் சொன்னார். எங்களில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவருடைய சொந்தச் சொல்: "முதலாளி, நீங்க அந்தோனியார்கிட்ட மனசாரப் போறீங்க. நான் இப்ப இங்க விளக்கு ஏத்தினா அது நடிப்பு. உங்க சாமிக்கு முன்னால நடிக்க எனக்கு மனசு வரல. மத்த எந்த வேலைன்னாலும் சொல்லுங்க, செய்றேன்." முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போய் வேலையப் பாரு" என்றாராம்.

வெள்ளிக்கிழமை வேலை மாற்றத்தை வயதான அம்மா முதலில் நம்பவில்லை. மூன்றாவது வெள்ளி, இவர் வாசல் கழுவிக்கொண்டிருக்கும்போது, கேட்காமலே ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். இவர் எங்களிடம் இதைச் சொல்லும்போது அழுதார். நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

பையன்கள் பகிடியை விடவில்லை. ஒருவன் வேலையை விட்டுப் போனதால் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பதை இவரும் விடவில்லை. சுருக்கமாக, கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கலாமே என்று நான் சொன்னேன். "நான் பயந்துட்டேன்னு நெனப்பாங்க ஐயா" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

ஆகஸ்டில் அப்பாவின் திதி. இவர் ஊருக்குப் போய், வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டார், படையல் தட்டை அண்ணி எடுத்து வைத்தார். அண்ணன் கதைக்கவில்லை. இரவு அம்மா மட்டும், "உங்க சாமிகிட்ட அப்பாவுக்காகக் கேப்பியா?" என்று கேட்டார். அப்பாவை நினைத்து நன்றி சொல்வேன், உங்களுக்காகத் தினமும் கேட்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறார். இறந்தவர்களுக்கான ஜெபம் பற்றிய எங்கள் சபைப் போதனையை அந்த அடுப்படியில் வைத்து விளக்காமல் விட்டதற்கு நான் நன்றி சொல்கிறேன்.

ஒக்டோபரில் தொலைபேசி மறுபடி இவரிடம் வந்தது. பதிலுக்கு இருந்தவர் செய்திகளை எழுதி வைக்காததால் இரண்டு ஓடர் கைவிட்டுப் போயிருந்தது. "இல்லன்னு சொல்லு" என்று முதலாளி அதற்குப் பிறகு இவரிடம் கேட்கவில்லை. அப்படிச் சொல்லவேண்டிய அழைப்பு வந்தால் தொலைபேசியைத் தானே வாங்கிக் கதைத்தார், அல்லது பக்கத்திலிருப்பவரிடம் கொடுக்கச் சொன்னார். அந்தப் பொய் கடையில் நின்றுபோகவில்லை, இவர் வாயிலிருந்து வருவது நின்றது.

நவம்பர் 12 தீபாவளி. அதற்கு முதல் நாள் எல்லோருக்கும் போனஸ் கவர் கொடுத்தார்கள். இவருக்கு இல்லை. பையன்கள் சிரித்தார்கள். எட்டு வருடத்தில் அவருக்குத் தீபாவளிக் கவர் கிடைக்காதது அதுதான் முதல் தடவை. கேட்கலாம் என்று நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. ஆறு வாரம் அந்தக் காசு இல்லாமல் ஊருக்கு அனுப்புவதற்காகப் போர்டிங் தோழியிடம் கடன் வாங்கினார். டிசம்பர் 23, சனிக்கிழமை, கடை மூடும் நேரம் முதலாளி கவரை நீட்டினார். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே தொகை. "உன் பண்டிகைக்குத்தானே தரணும்" என்றார். அது அவர் காட்டிய மரியாதையா, ஆறு வாரம் வைத்த சோதனையா என்று நாங்கள் மூவரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மரியாதை என்றே சகோதரி எடுத்துக்கொண்டார்.

எதை மாற்றியிருக்கிறோம்

எட்டு வார வகுப்பில் பாவம், கிருபை, பரிசுத்த ஆவி எல்லாம் படிப்பித்தோம். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் எங்கே நிற்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு முன் முதலாளியிடமும் அம்மாவிடமும் தனியாக, அமைதியாகச் சொல்ல நேரம் கொடுத்திருந்தால், எல்லோர் முன்னாலும் வெடித்ததுபோலச் சொல்லவேண்டி வந்திருக்காது. 2024இலிருந்து இரண்டு வாரம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வகுப்புக்கு வருகிறவர் தன் வேலையிடத்திலும் வீட்டிலும் செய்யும் சடங்கு வேலைகளை எழுதி, தான் விட்டால் அது யார் தலையில் விழும் என்பதையும் பக்கத்தில் எழுதுவார். இந்தச் சகோதரியே அந்த இரண்டு வாரமும் வந்து உட்காருகிறார்.

உதவிப் பொதி வாங்குபவர்களின் பட்டியலையும் வகுப்புப் பட்டியலையும் இப்போது வேறு வேறு ஆட்கள் வைத்திருக்கிறார்கள். பொதி வாங்கும் காலத்தில் யாரையும் வகுப்புக்குச் சேர்ப்பதில்லை. அண்ணனின் அந்தக் கேள்விக்கு நாங்களும் பொறுப்பு என்று நினைப்பதால் இதைச் செய்தோம்.

2024 தைப்பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனபோது அண்ணன் வீட்டில்தான் இருந்தார், இவரோடு கதைக்கவில்லை. அம்மாவின் கணக்குக்குக் காசு மாதாமாதம் போகிறது. வங்கிப் புத்தகத்தை டவுனுக்குக் கொண்டுபோய்க் காசு எடுத்துவருவது அண்ணன்தான் என்று அம்மா சொன்னாராம்.